ஒழுங்கையை மூட ஒரு திறப்பு விழா

இதில் எழுதப்போகும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. லண்டன் மனோர் பார்க் கோயில் முருகன் மேல் சத்தியம். முருகன் போதாது என்பவர்களுக்காக என் பென்ஷன் புத்தகத்தின் மேலும் சத்தியம். என் மனைவி தவமலர் இதைப் படிக்கமாட்டாள் என்பதால், எதையும் கூட்டவோ குறைக்கவோ வேண்டிய தேவையும் எனக்கு இல்லை.

1987ஆம் ஆண்டு எங்கள் வீட்டு மேல் முன்னறைக்கு ஞானரட்ணம் குடிவந்தான். கிளிநொச்சியில் விவசாயத் திணைக்களத்தில் இருந்தவன். மேய்ச்சல் தரையில் ஒரு மரச்சட்டத்தை வைத்து, அந்தச் சட்டத்துக்குள் எத்தனை வகைப் புல் இருக்கிறது என்று எண்ணுவது அவன் வேலை. பதினோரு வருடம் எண்ணியிருக்கிறான். லண்டனில் அவன் ஒரு பெற்றோல் நிலையத்தில் பகல் ஷிப்ட் நின்றான். அங்கே எண்ண ஒன்றும் இல்லை, மெஷினே எண்ணிவிடும்.

அவனுடைய அகதி விண்ணப்பம் குரோய்டனில் இருந்தது. தேம்ஸுக்குத் தெற்கே, எங்கள் வீட்டிலிருந்து இரண்டு ரெயிலும் ஒரு பஸ்ஸும். இரண்டு மணிக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்தால் இவன் காலை ஏழு மணிக்கே போய் வாசலில் நிற்பான். பிந்திப்போனால் நாட்டைவிட்டு அனுப்பிவிடுவார்கள் என்று யாரோ சொல்லிவைத்திருந்தார்கள். அதற்கு ஏழு மணித்தியாலம் முந்திப்போ என்று ஒருவரும் சொல்லவில்லை, அது அவனாகச் சேர்த்துக்கொண்டது. வாசல் காவலாளி, "போய் ஒன்றரைக்கு வா" என்பார். நின்ற இடத்தில் நிற்கப் பயந்து, ஞானரட்ணம் முதலில் வருகிற பஸ்ஸில் ஏறிக் கடைசித் தரிப்பு வரைக்கும் போவான்.

அப்படிப் போன ஒரு ஜூன் மாதத்தில்தான் அவன் ஹாக்கெட் லேனைக் கண்டான்.

சுண்ணாம்புக் குன்றுகளுக்கு நடுவே ஓடுகிற ஒரு பழைய வண்டிப் பாதை அது. தார் கிடையாது. இரண்டு பக்கமும் வேலி, வேலிக்கும் பாதைக்கும் இடையில் அகலமான புல்தரை. எங்களூர்க் கணக்கில் ஒரு ஒழுங்கை. அந்தப் புல்லில் உழவோ உரமோ பட்டதில்லை. அதனால் வேறெங்கும் இல்லாத பூண்டுகள் அங்கே இருந்தன. அதில் ஒன்று ஓர்க்கிட். சாண் உயரம், ஊதா இதழ், நடுவில் தேனீ ஒன்று குந்தியிருப்பதுபோல் ஒரு பூ.

"அண்ணை, ஆண் தேனீயை ஏமாத்திக் கூப்பிடத்தான் அது அப்பிடிப் பூக்கிறது" என்றான் ஞானரட்ணம், எங்கள் குசினியில் தேத்தண்ணி குடித்தபடி. "ஆனால் அந்த வகைத் தேனீ இந்த நாட்டிலை இல்லை. வராத ஒண்டுக்காக வருசா வருசம் வேசம் போட்டுக்கொண்டு நிக்குது."

"அப்ப உம்மைப்போலை எண்டு சொல்லும், தம்பி" என்றாள் தவமலர். "நீரும் அந்தக் குரோய்டன் வாசலிலை அப்பிடித்தானே நிக்கிறீர்."

அவன் சிரித்தான். "நாப்பத்தொண்டு நிக்குது, அக்கா. எண்ணிப்போட்டு வந்தனான்."

கஷ்டம் என்னவென்றால், சட்டப்படி ஹாக்கெட் லேன் எல்லா வாகனத்துக்கும் திறந்த பாதை. மாட்டுவண்டி போன காலத்தில் எழுதின சட்டம், லொறி வந்த பிறகும் அதையே வைத்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் லாண்ட் ரோவர்காரர்கள் கூட்டமாக வருவார்கள். வாரம் முழுக்கத் தார் ரோட்டில் ஓடியவர்களுக்குச் சேறு ஒரு விளையாட்டு. பாதையில் பள்ளம் விழுந்தால் பள்ளத்தை விட்டு விலகிப் புல்லில் ஓட்டுவார்கள். புல்லிலும் பள்ளம் விழும். அதையும் விட்டு இன்னும் தள்ளி ஓட்டுவார்கள். ஞானரட்ணம் கணக்குப் பார்த்தான். இதே வேகத்தில் போனால், அந்த நாற்பத்தொன்றுக்கும் நாலு வருடம்.

அன்றைக்கே கவுன்சிலுக்கு எழுதத் தொடங்கினான்.

"உமக்கேன் இந்த வேலை?" என்று நான் கேட்டேன். "இருக்க விடுவினமோ எண்டே தெரியாது. இதுக்குள்ளை வெள்ளைக்காரன்ரை ஒழுங்கையை மூடப்போறீரோ?"

அவன் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தான். "அங்கை பதினொரு வருசம் எண்ணினனான், அண்ணை. தரையும் எரிஞ்சுது, எண்ணி எழுதின கொப்பியளும் எரிஞ்சுது. இதொண்டையாவது எண்ணி முடிச்சு, ஒரு கேற்றுக்குப் பின்னாலை வைச்சிட்டனெண்டால் எனக்குக் காணும்."

நான் எழுந்து போய்க் கடித உறை ஒன்று எடுத்துக் கொடுத்தேன்.

கவுன்சில் மிகவும் மரியாதையாகப் பதில் போட்டது. ஒழுங்கையை மூடுவதென்றால் ஆதாரம் வேண்டும். இருபத்தாறு ஞாயிறு வாகனங்களை எண்ணித் தரவேண்டும். பூக்கள் இருப்பதை, விண்ணப்பகாரருக்கு உறவில்லாத ஒருவர் நேரில் பார்த்துக் கையெழுத்து வைக்கவேண்டும். அந்த ஒருவர் நான்.

எண்ணிய கதையைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். அதனால்தான் முன்கூட்டியே சத்தியம் செய்தேன். ஒரு மடக்குக் கதிரை, ஒரு பிளாஸ்க் தேத்தண்ணி, கவுன்சில் தந்த படிவம். கார், மோட்டார் சைக்கிள், குதிரை, நடைபயணி, வேறு என்று ஐந்து கட்டம். மூன்றாவது ஞாயிறு ஒரு லாண்ட் ரோவர் முழுதாக அமிழ்ந்து ஏரியல் மட்டும் வெளியில் நின்றது. உள்ளே ரேடியோ ஓடிக்கொண்டிருந்தது. இங்கிலாந்தின் விக்கெட்டுகள் மண்ணுக்கடியில் விழுவதை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டேன். அதைக் 'கார்' என்று எழுதுவதா 'வேறு' என்று எழுதுவதா என்று யோசித்து, தேநீர் இடைவேளை வரைக்கும் கேட்டுவிட்டு, இரண்டிலும் எழுதினேன். ஒன்பதாவது ஞாயிறு, சைக்கிளில் வந்த ஒரு தபால்காரர் பள்ளத்தில் இறங்கினார். ஏற வழியில்லாமல் பள்ளத்துக்குள்ளேயே நடந்து, செவ்வாய்க்கிழமை கென்ட் எல்லையில் ஏறினாராம். கடிதங்கள் எல்லாம் உரிய நாளுக்கு முதல்நாளே போய்ச் சேர்ந்தன. ஒரு பசு மூன்று முறை போனது. மூன்றாவது முறை என் படிவத்தை எட்டிப் பார்த்தது.

இருபத்தாறு ஞாயிறு. வாகனங்கள் ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு. நடைபயணி ஒருவன், ஞானரட்ணம்.

மூன்று வருடம் கடிதம் போனது, வந்தது. கவுன்சிலின் தாவர அதிகாரி மிஸ் பென்ரோஸ் என்று ஒரு பெண், எலும்பும் மழைக்கோட்டுமாக இருப்பார். அவர் ஞானரட்ணத்தின் பக்கம் நின்றார். லாண்ட் ரோவர்காரர்கள் மறுத்து எழுதினார்கள். அவர்களுடைய தலைவன் டெரி என்கிற தாடிக்காரன், தன் பாட்டன் காலத்திலிருந்து அது தன் வழி என்று எழுதினான். கடைசியில் 1991 மே மாதம் உத்தரவு வந்தது. பரீட்சார்த்தமாகப் பதினெட்டு மாதத்துக்கு ஹாக்கெட் லேனில் வாகனங்களுக்குத் தடை. வாயிலில் ஒரு மரக் கேற், அதற்கு ஒரு பூட்டு, அதன் திறப்பு, அதாவது சாவி, தொண்டர் காவலரான திரு. ஞானரட்ணத்திடம்.

அந்தக் கடிதத்தை அவன் தவமலருக்கு இரண்டு தரம் வாசித்துக் காட்டினான். அவள் பால் காய்ச்சினாள். அவ்வளவோடு விட்டிருக்கலாம். நான்தான் அப்டன் பார்க்கில் மரக்கறி வாங்கப்போன இடத்தில் வாயை வைத்துக்கொண்டு இராமல் கோபாலகிருஷ்ணனிடம் சொன்னேன்.

கோபாலகிருஷ்ணன் மலேசியாவிலிருந்து படிக்க வந்து அக்கவுண்டன்டாக நின்றுவிட்டவர். எங்கள் பக்கத்துத் தமிழர் சங்கத்துக்கு ஆறு வருடமாகத் தலைவர். சங்கத்திடம் ஒரு குத்துவிளக்கு, ஒரு மைக் செட், ரிப்பன் வெட்டுகிற கத்தரிக்கோல் ஒன்று இருந்தன. ஆறு வருடத்தில் அந்தக் கத்தரிக்கோலுக்கு வேலை வரவில்லை.

அடுத்தநாளே வீட்டுக்கு வந்துவிட்டார்.

"மிஸ்டர் ஞானரட்ணம், கங்கிராட்ஸ்! ஒரு தமிழனை நம்பி கவுன்சில் கேட் கொடுத்திருக்கு. சும்மா விடலாமா? திறப்பு விழா வைக்கிறோம்."

"அது மூடுறதுக்கு வைக்கிற கேற், ஐயா" என்றான் ஞானரட்ணம்.

"மூடணும்னா முதல்ல திறந்திருக்கணும்ல? திறந்து, பூஜை போட்டு, அப்புறம் மூடுவோம். சிம்பிள்."

"சனம் வந்தால் புல்லு..."

"நடந்துதானே வரப்போறாங்க! உங்க கேட்டுக்கு உங்க ஜனமே வரலைன்னா அந்த தாடிக்காரன் என்ன நினைப்பான்? இதுல மக்களுக்கு ஆதரவு இருக்குன்னு காட்ட வேணாமா?"

அந்தக் கடைசிச் சொல்லில் ஞானரட்ணம் விழுந்துவிட்டான். படிவத்தில் நடைபயணி கட்டத்தில் அவன் ஒருவன்தான் என்பது அவனை உறுத்திக்கொண்டிருந்தது. இருபது பேர் நடந்து வந்தால் அடுத்த பதினெட்டு மாதத்தையும் கேட்கலாம்.

"இருபது பேர்" என்றான். "நடந்துதான்."

"இருபதுதான். நடந்துதான்" என்றார் கோபாலகிருஷ்ணன்.

ஜூன் இரண்டாம் ஞாயிறு. முதல்நாளே ஞானரட்ணம் போய், மிதித்துவிடக்கூடாதென்று, ஒவ்வொரு பூவுக்கும் பக்கத்தில் ஒரு மூங்கில் குச்சி நட்டு, நுனியில் சிவப்புக் கம்பளிநூல் கட்டியிருந்தான். நாற்பத்தொரு குச்சி. ஐயர் குறித்த நேரம் ஒன்பது பத்திலிருந்து பத்து நாற்பது வரை. பத்து நாற்பதுக்கு அங்கே இருந்தவர்கள் ஞானரட்ணம், நான், மழை.

பதினொன்றே முக்காலுக்கு முதல் வான் வந்தது.

பொங்கல் பானையும் அடுப்பும் நடந்து வருமா? மைக் செட் நடந்து வருமா? ஐயருக்கு முழங்கால். வாழைமரம் இரண்டு, தோரணம், மோதகச் சட்டி, வடைச் சட்டி, பிள்ளைகள், பிள்ளைகளின் மாற்று உடுப்பு. கடைசித் தரிப்பிலிருந்து ஒன்றரை மைல் என்றதும் எல்லோரும் வாகனத்திலேயே வந்துவிட்டார்கள். மொத்தம் நாற்பத்து மூன்று. எண்ணிப் பழகினவன், கணக்கில் பிழை விடமாட்டேன்.

கேற் விழாவுக்காகத் திறந்து கிடந்தது. முதல் வானை ஓட்டி வந்தவர் உள்ளே போய்ப் பாதையின் நடுவில் நிறுத்தப் பார்த்தார். சங்கத்து வாகன ஒழுங்குக்காரர் கையைக் காட்டித் தடுத்தார்.

"பாதையை மறிக்காதையுங்கோ! கவுன்சில் டிக்கெற் அடிப்பான்! அந்தா, சிவப்பு நூல் கட்டி மார்க் பண்ணி வைச்சிருக்கினம் எல்லே? ஒரு குச்சிக்கு ஒரு வண்டி!"

லண்டனில் நாங்கள் கலியாணம், சாமத்தியவீடு, செத்தவீடு எல்லாவற்றுக்கும் போயிருக்கிறோம். எங்கள் ஆட்கள் வரிசையில் வாகனம் நிறுத்தி நான் கண்டதில்லை. அன்றைக்கு நிறுத்தினார்கள். ஒவ்வொருவரும் கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டி, முன்னுக்கு, பின்னுக்கு, இன்னும் கொஞ்சம் என்று, முன்சில்லுக்கு நேரே குச்சி வரும்வரை பார்த்துப் பார்த்து விட்டார்கள். இரண்டு வண்டிகளுக்கு மட்டும் இடம் கிடைக்கவில்லை.

ஞானரட்ணம் ஓடினான். "அதிலை இல்லை! அதிலை இல்லை!" என்று கத்தினான். மைக் செட்டில் நாதஸ்வரம் போட்டுவிட்டார்கள். கையை ஆட்டிக்கொண்டு ஓடியவனைக் கண்டு, அவனும் ஒழுங்குபடுத்துகிறான் என்று நினைத்து, பின்னால் வந்தவர்கள் இன்னும் விரைவாக நிறுத்தினார்கள். ஒரு அம்மா அவனுக்கு நெற்றியில் சந்தனம் வைத்துவிட்டார்.

பூசை நடந்தது. ஐயர் வந்ததே வந்தார் என்று புதிதாக வாங்கின வாகனங்களுக்கும் சேர்த்துச் செய்யச் சொன்னார்கள். ஐந்து வண்டி. நாலு சில்லுக்கும் நாலு எலுமிச்சம்பழம் வைத்து, முன்னுக்கு ஒருதரம் பின்னுக்கு ஒருதரம் நசித்து எடுத்தார்கள். கோபாலகிருஷ்ணன் ஆறு வருடக் கத்தரிக்கோலால் ரிப்பனை வெட்டினார். அது துருப்பிடித்திருந்தது, கடைசி நூலைப் பல்லால் கடித்தார். பிறகு இயற்கையைப் பாதுகாப்பது பற்றி நாற்பது நிமிடம் பேசினார். நல்ல பேச்சு.

புறப்படுகிற நேரம் ஒரு வண்டியும் அசையவில்லை. மழையில் ஊறின மண்ணில் சில்லு சுழன்றது, புல் தரை பாய்போல் உரிந்து பின்னால் நின்ற பட்டுச்சேலைகளில் அடித்தது. வாழைமரத்தைச் சில்லுக்குக் கீழே கொடுத்தார்கள். ஒரு ஹையேஸ் வான் சுழன்ற சுழற்சியில் தன்னைத் தானே மூன்று தரம் சுற்றி, போன திசையையே பார்த்து நின்றது.

அப்போது டெரி வந்தான். கேற் மூடுகிற நாளென்று முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு பார்க்க வந்தவன். நாற்பத்து மூன்று வண்டி புதைந்து கிடந்ததைக் கண்டதும் அவன் முகம் மாறியது. கூட்டாளிகளைக் கூப்பிட்டான். ஒன்பது லாண்ட் ரோவர், இரும்புக் கயிறு, கப்பி. மாலை ஐந்து மணிவரைக்கும் ஒவ்வொரு வண்டியாக, குச்சியோடு, மண்ணோடு, வேரோடு இழுத்தெடுத்தார்கள். சத்தியமாகச் சொல்கிறேன், அவ்வளவு நல்ல மனிதர்களை நான் இங்கிலாந்தில் கண்டதில்லை. கோபாலகிருஷ்ணன் டெரிக்குப் பொன்னாடை போர்த்தினார். டெரி பதினாலு வடை சாப்பிட்டான்.

எல்லோரும் போன பிறகு ஞானரட்ணம் கேற்றை மூடினான், பூட்டினான். பூட்டை ஒருதரம் இழுத்துப் பார்த்தான். பிறகு முழங்காலில் நின்று தேடத் தொடங்கினான். நான் குடை பிடித்தேன். குச்சிகளில் ஏழு கிடைத்தன. பூ கிடைக்கவில்லை.

"ஒருத்தரும் வேணுமெண்டு செய்யேல்லை, அண்ணை" என்றான்.

"ஓம், எல்லாரும் உம்மிலை உள்ள விருப்பத்திலைதான் வந்தவை."

"அதுதான் சொல்லுறன். வேணுமெண்டு செய்திருந்தால் ஆரோடையாவது கோவிக்கலாம்."

செவ்வாய்க்கிழமை மிஸ் பென்ரோஸ் வந்து மூன்று மணித்தியாலம் குப்புறப் படுத்துப் பார்த்தார். அறிக்கையில் எழுதியவை: டயர்த் தடங்கள், நசிந்த எலுமிச்சம்பழங்கள் இருபது, வாழைமரம் ஒன்று. ஆகஸ்டில் கடிதம் வந்தது. தடை எதைப் பாதுகாக்கப் போடப்பட்டதோ அது இப்போது அங்கே இல்லாதபடியால் தடைக்குக் காரணமும் இல்லை. கேற்றைக் கழற்றினார்கள். திறப்பைத் திருப்பி அனுப்பச் சொன்னார்கள். அவன் பதிவுத் தபாலில் அனுப்பினான்.

தொண்ணூற்றிரண்டு ஜூனில் ஞானரட்ணம் போய்ப் பார்த்துவிட்டு வந்தான். "ஒண்டுமில்லை" என்றான். தொண்ணூற்று மூன்றிலும் போனான். தவமலர் சாப்பாடு போட்டாள். அவனுடைய அகதி விண்ணப்பத்துக்கும் முடிவு வரவில்லை. கடிதம் வந்தால் ஏழு மணிக்கே போவதை மட்டும் விட்டுவிட்டான். சொன்ன நேரத்துக்குப் போய், சொன்ன நேரத்துக்கு வந்தான்.

தொண்ணூற்று நாலு மே மாதம் மிஸ் பென்ரோஸிடமிருந்து ஒரு கடிதம். அந்த ஓர்க்கிட்டின் கிழங்கு மண்ணுக்குள் சில வருடம் உயிரோடு கிடக்கக்கூடும். பூக்கள் நின்ற சரியான இடங்கள் தெரிந்தால், அந்தத் துண்டை மட்டுமாவது வேலி அடைத்து வாகனங்களை விலக்கத் தன்னால் ஒருமுறை கேட்டுப்பார்க்க முடியும். ஆனால் விண்ணப்பகாரர் சொல்வதை ஆதாரமாக எடுக்கமாட்டார்கள். நேரில் பார்த்துக் கையெழுத்து வைத்த சாட்சி ஜூன் பதினான்காம் திகதி பதினொரு மணிக்கு வந்து இடங்களைக் காட்டவேண்டும். அதோடு கோப்பு மூடப்படும்.

ஞானரட்ணம் கடிதத்தை என் கையில் தந்துவிட்டு நின்றான்.

"ஒருக்கா வந்தால் காணும், அண்ணை. எந்தெந்த இடமெண்டு நான் வழியிலை சொல்லித் தாறன்."

எனக்கு ஞாபகம் இருக்காது என்று நினைத்திருக்கிறான், பாவம்.

"அதுக்கென்ன, வாறன்" என்றேன்.

பதினான்காம் திகதி காலை அவன் ஏழு மணிக்கே சப்பாத்துப் போட்டுக்கொண்டு கீழே வந்து கதவடியில் நின்றான். நான் கட்டிலில் இருந்தேன்.

"முழங்கால் ஏலாமல் கிடக்குது, தம்பி" என்றேன்.

"எப்பவிலையிருந்து?" என்றாள் தவமலர் குசினிக்குள்ளிருந்து. "நேற்று மரக்கறிக் கடைக்கு ஓடேக்கை எங்கை போனது அந்த முழங்கால்?"

"உமக்கென்ன தெரியும்."

"எனக்குத் தெரியாதது ஒண்டும் இல்லை" என்றாள். குசினிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஞானரட்ணம் எட்டரை மணிவரைக்கும் கதவடியில் நின்றான். தொப்பியைக் கழற்றினான், தலையில் போட்டான், திரும்பவும் கழற்றினான். பிறகு தனியாகப் போனான். மிஸ் பென்ரோஸ் நாலு மணிவரைக்கும் சாட்சிக்காகக் காத்திருந்தாராம். அவன் இடங்களைக் காட்டக் காட்ட, எழுத உரிமையில்லாததால் பேனாவை மூடி வைத்துக்கொண்டு, கேட்டுக்கொண்டு மட்டும் நடந்தாராம். நாற்பத்தொன்றையும் அவன் காட்டினானாம். கோப்பு மூடப்பட்டது. அடுத்த ஞாயிறு டெரியின் ஆட்கள் வந்து, போன வழி வந்த வழியெல்லாம் ஓட்டி, இருந்த புல்லையும் முடித்தார்கள். ஜூலையில் ஞானரட்ணம் அறையைக் காலி செய்தான். எங்கே போனான் என்று தவமலருக்குத் தெரியும். எனக்குச் சொல்லவில்லை.

நான் லண்டனுக்கு வந்த நாளிலிருந்து இன்று வரைக்கும் தேம்ஸ் நதியைத் தாண்டித் தெற்கே, அந்த ஒழுங்கை கிடக்கிற பக்கம், போனதில்லை.